மூன்று இசக்கிமுத்துவும் நான் அழுத்திய பட்டனும்

"எம் பேரு இருக்கா, இல்லியா? அதைச் சொல்லுங்கம்மா முதல்ல."

கவுன்ட்டரில் நின்றவர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபமாகக் கேட்பவர்களைச் சமாளிக்க எனக்கு நன்றாகவே தெரியும். கேஸ் ஏஜென்சியில் பதினாறு வருஷமாகக் குமாஸ்தா... வேறென்ன வேலை எனக்கு?

போன மாதம், நல்ல மழை நாள். தலையில் சிமென்ட் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெயர் எஸ். இசக்கிமுத்து. கொத்தனார். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து கரமனையில் குடியிருப்பவர். கனெக்‌ஷனுக்குப் பதிந்து ஏழு வருஷம் ஆகிறது. 'மழைக்காலத்துக்குள்ள வந்துடும்' என்று சித்திரையில், விஷு சமயத்தில், இதே கவுன்ட்டரில், இதே வாயால் நான் சொல்லியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் லிஸ்ட்டைப் புரட்டினேன். இருக்கிறார்! அதே பெயர், அதே வீட்டு நம்பர். ஆனால் பதிந்தது போன வருஷம் என்கிறது. அப்படியானால் முறை வர இன்னும் ஆறு வருஷம் ஆகும்.

"அது நான் இல்லம்மா. எங்க சித்தப்பா மவன். ஓட்டல் இசக்கி. நான் கொத்தன் இசக்கில்லா? எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, கான்கிரீட்டுக்குக் கம்பி கெட்டுத இசக்கி ஒருத்தன் உண்டும். அவனையும் காணலியே?"

லிஸ்ட்டை இன்னொரு தடவை மேலிருந்து கீழே புரட்டினேன்.

வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு மாதமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் கம்ப்யூட்டர் படிக்கிற பெருமையை அளந்துகொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், ஏ.சி. குளிரும், டீச்சர் பிந்துவுக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு நாற்பத்து நான்கு... எல்லாம் எழுதினேன். நீங்களும் பொறுமையாகப் படித்தீர்கள். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஏஜென்சியில் காத்திருப்போர் பட்டியல் என்பது பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கிய அட்டைகள். வருஷத்துக்கு ஒரு டப்பா. முன்பக்கம் பெயர், வீட்டு நம்பர், பதிந்த தேதி. பின்பக்கம் பென்சிலில் தங்கப்பனின் குறிப்புகள். தங்கப்பன்தான் எங்கள் டெலிவரிக்காரர். 'கொத்தன்.' 'நாய் உண்டு.' 'பல் நீண்ட சார்.' இப்படி. நான் படித்தவள் இல்லையா? பல் நீண்ட சாரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதா? பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் டைப் செய்தேன். மூன்று வாரம் பிடித்தது.

கிளாஸில் பிந்து ஒரு பாடம் நடத்தினாள். ஒரே ஆள் இரண்டு தடவை இருந்தால் அது டேட்டா இல்லை, குப்பை. ஆளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். அது இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. "மேடத்தோட லிஸ்ட்ல எதை அடையாளமா வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். பெயர், இனிஷியல், வீட்டு நம்பர் — மூன்றும் சேர்ந்தால் ஒருவர்தானே இருக்க முடியும் என்றேன். வெரிகுட் என்றாள். எனக்கு வெரிகுட் கிடைத்து இருபத்தைந்து வருஷமிருக்கும். தலைகால் புரியவில்லை.

மறுநாளே ஆபீஸில் குப்பை கூட்டினேன். நிஜக் குப்பையும் இருந்தது. ஒரு ரிட்டயர்டு தாசில்தார் பொறுமையில்லாமல் தன் பெயரை நான்கு தடவை பதிந்து வைத்திருந்தார். மூன்றைத் தூக்கினேன். ஆகா, என்ன ஆனந்தம்!

கம்ப்யூட்டர் ரொம்ப இரக்கமுள்ள ஜந்து, தெரியுமா? 'அழி' என்றால் உடனே அழிக்காது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, நம் மனசு மாறுமா என்று காத்திருக்கும். இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் ஒரேயடியாகப் போகும். நான் அந்த இன்னொரு கட்டளையையும் கொடுத்தேன். அதோடு விட்டேனா? பத்திரமாக இருக்கட்டும் என்று, சுத்தமான லிஸ்ட்டை ஃபிளாப்பியில் பழைய லிஸ்ட்டின் மேலேயே காப்பி எடுத்தேன். முன்ஜாக்கிரதை!

இப்போது இசக்கிமுத்துகளுக்கு வருவோம். அவர்கள் தாத்தா பெயர் இசக்கிமுத்து. தாத்தாவுக்கு மூன்று மகன்கள் — சுடலைமணி, சுடலைமுத்து, சுடலையாண்டி. மூவருமே மரியாதை தெரிந்தவர்கள். தலைமகனுக்கு அப்பா பெயரை வைத்தார்கள். ஆக மூன்று எஸ். இசக்கிமுத்து. மூவரும் ஒரே காம்பவுண்டில், வரிசையாக மூன்று குடித்தனம். கார்ப்பரேஷன் அந்தக் காம்பவுண்டுக்கே ஒரு நம்பர்தான் கொடுத்திருக்கிறது. பெயர், இனிஷியல், வீட்டு நம்பர்... என் வெரிகுட் மூன்றும் அச்சாக ஒன்று.

முதல் ஆளை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தூக்கு என்பதுதான் நான் கொடுத்த உத்தரவு. நியாயமான உத்தரவுதான். ஆனால் நான் டைப் செய்தது புது டப்பாவிலிருந்து பின்னோக்கி. கம்ப்யூட்டருக்கு முதல் ஆள், போன வருஷம் பதிந்த ஓட்டல் இசக்கி. ஏழு வருஷம் காத்திருந்த கொத்தன் இசக்கி, குப்பை.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏன் லலிதா, இது உனக்குத் தோணவே இல்லையா? எங்காத்துலேயே நாலு வெங்கடேஸ்வரன் இருக்கோம். உன் கம்ப்யூட்டர்கிட்ட எங்களைக் குடுத்திருந்தா மூணு பேர் போயிருப்போம்."

அந்த நால்வரில் ஒருவரோடு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். தோன்றவில்லையே!

மறுநாள் கொத்தனார் தன் மனைவி பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான பெண். பேசுவதற்கு முன்னால் ஒரு இருமல், பேசிய பிறகு ஒரு இருமல். ஈர விறகு, புகை, அடைத்த சின்ன அடுக்களை. "புகையில நிக்கப்பிடாதுன்னு மெடிக்கல் காலேஜ் டாக்டரு கண்டிப்பாச் சொல்லிட்டாரும்மா. பின்ன எங்க நின்னு பொங்க?" என்று கேட்டாள். அடுப்பு வைக்க அவள் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்பே மேடை கட்டி, மொசைக் போட்டு, சிலிண்டருக்கு அளவாக இடமும் விட்டு வைத்திருக்கிறாராம். அந்த இடத்தில் இப்போது கோழி அடைகாக்கிறது.

எனக்கு ஏதோ பேச வேண்டும் போலிருந்தது. "அது சரி, வீட்ல இசக்கின்னு கூப்பிட்டா யாரு வருவா?" என்றேன்.

"மூணு பேரும்தான் வருவாக. யார ஏசணுமோ அவகள நிறுத்திக்கிட்டு மத்தவகளப் போச் சொல்லுவோம்."

கம்ப்யூட்டர் கிளாஸுக்கு நான் கட்டிய ஃபீஸ் கண் முன் வந்து போனது.

அட்டைகள் எங்கே? கம்ப்யூட்டர் வந்த ஜோரில் டப்பாக்களைக் காலி செய்து, அட்டைகளைச் சாக்கில் கட்டி, கோடவுனுக்குப் பின்னால் போட்டிருந்தோம். போட்டிருந்தேன். தங்கப்பன் சாக்கைத் தூக்கினார். அடி கழன்று விழுந்தது. கரையான்!

இரண்டு நாள் நானும் தங்கப்பனும் கீழே உட்கார்ந்து மண்ணை உதறினோம். "மேடம் எழுதாம விட்டதைத்தான் கரையானும் தின்னாம விட்டிருக்கு" என்றார் தங்கப்பன். இந்த மனிதருக்கு நக்கல் கொஞ்சம் அதிகம். ஆனால் அவர்தான் கண்டுபிடித்தார். ஓரம் அரித்த மூன்று அட்டை. முன்பக்கம் மூன்றிலும் எஸ். இசக்கிமுத்து, வெவ்வேறு தேதி. பின்பக்கம் 'கொத்தன்', 'கம்பி', 'ஹோட்டல்'.

அப்பாடா என்று உட்கார்ந்தால், முதலாளி வேறு ஒரு குண்டைப் போட்டார். லிஸ்ட் ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்விட்டது. திருத்த வேண்டுமானால் கொச்சியிலிருந்து மாதம் ஒரு தடவை வரும் கம்பெனி ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அதுக்கென்ன லலிதா, 'கம்ப்யூட்டர் மிஸ்டேக்'னு ஒரு வரி எழுதிக் கொடு. பிரச்னம் தீர்ந்நு. கம்ப்யூட்டர் வந்து வழக்கு பேசுமோ?" என்றார், பாதி மலையாளத்தில்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சௌகரியம்! எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. டைப்ரைட்டரில் பேப்பரைச் சொருகி, 'கம்ப்யூட்டர்' வரை டைப் அடித்தும் விட்டேன். கொத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வெசனப்படாதீங்கம்மா. மெசின் செஞ்ச தப்புக்கு நீங்க என்ன செய்வீய?" என்றார் எனக்கு ஆறுதலாக.

ஏழு வருஷத்தை நான் தின்றுவிட்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். வெட்கமாகப் போய்விட்டது. பேப்பரை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக அடித்தேன். 'மேற்படி மூவரும் வெவ்வேறு நபர்கள். பெயர் ஒன்று என்பதால் ஒரே ஆள் என்று நினைத்து நீக்கியது நான். தவறு என்னுடையது.' மூன்று வரி. அடியில் கையெழுத்தும் போட்டேன்.

ஆபீசர் வந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "தப்பு என்னோடதுன்னு ஒரு லெட்டர் இதுவரைக்கும் வந்ததில்லையே... இதை எந்த ஃபைல்ல வைக்கிறது?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். பிறகு அட்டைகளைப் பார்த்தார். முகம் மாறியது. அதே பெயர், அதே இனிஷியல், அதே வீடு. "ஒரே ஆள் மூணு தடவை பதிஞ்சிருக்கான் மேடம். இதுமாதிரி நான் எத்தனை பார்த்திருக்கேன்!" என்றார்.

கவுன்சிலரிடம் வாங்கிய சான்றிதழ்களை நீட்டினேன். அந்தப் புண்ணியவான் மூன்றையும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் டைப் செய்து கொடுத்திருந்தார். 'எஸ். இசக்கிமுத்து என்பவர் மேற்படி வீட்டில் வசிப்பவர் என்பதை நான் அறிவேன்.' மூன்றும் ஒரே மாதிரி. ஆபீசர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இனி காகிதத்தில் காட்ட ஒன்றுமில்லை. வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"இசக்கிமுத்து!"

"இந்தா வந்துட்டேன்!" என்று மூன்று குரல். மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் கொத்துக் கரண்டி, சிமென்ட்டோடு. ஒருவர் தோளில் கம்பிச் சுருள். ஒருவர் இடுப்பில் ஓட்டல் துண்டு, மேலெல்லாம் சாம்பார் வாசனை. நான் சொல்லி அனுப்பியதால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வாசலில் காத்திருந்தார்கள். ஆபீசர் மூவரையும் இடமிருந்து வலமாகப் பார்த்தார், வலமிருந்து இடமாகப் பார்த்தார்.

"இதுல முதல்ல பதிஞ்சது யாரு?"

இங்கேதான் எனக்குப் பயம். லிஸ்ட்டில் மிச்சமிருந்தது ஓட்டல்காரர் பெயர்தானே? 'கம்ப்யூட்டர்ல நான்தான் இருக்கேன்' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் கையை நீட்டிக் கொத்தனாரைக் காட்டினார். "எங்கண்ணன்தான் சார். மதினிக்கு மூச்சு முட்டு. அவுகளுக்கு முதல்ல குடுங்க, எங்களுக்கு மெதுவா வரட்டும்."

ஆபீசர் கையெழுத்துப் போட்டார். மூன்று பெயரும் அவரவர் தேதியோடு லிஸ்ட்டில் ஏறின; கொத்தனாருக்கு முறையும் வந்துவிட்டது. அன்று நான் மேஜைக்குக் கீழே குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தங்கப்பன் பார்த்துவிட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே வாரம் என் லிஸ்ட்டில் புதுசாக ஒரு கட்டம் சேர்த்தேன். 'வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?' பிந்து ஒத்துக்கொள்ளவில்லை. எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லையே மேடம் என்றாள். புத்தகம் எழுதினவர் வீட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்றேன்.

கனெக்‌ஷன் கொடுத்து நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போய்ப் பார்த்தேன். கோழி இடம் மாறியிருந்தது. மொசைக் மேடை பளபளவென்று இருந்தது. அடுப்பு நீலமாக எரிந்தது. பேச்சி இருமாமல் இரண்டு வாக்கியம் பேசினாள். ஆனால் அடுப்பில் இருந்த சோற்றுப் பானை அவளுடையது இல்லை. கம்பிக்காரர் வீட்டுப் பானை. கீழே ஓட்டல்காரர் வீட்டுக் குழம்புச் சட்டி வரிசையில் காத்திருந்தது.

"அவுகளுக்கு வாற வரைக்கும் இதுதாம்மா மூணு வீட்டுக்கும் அடுப்பு. நான் மட்டும் புகையில்லாம இருந்தாப் போதுமா?" என்றாள் பேச்சி.

மூன்று வேறு வேறு ஆள் என்று நிரூபிக்க நான் என்ன பாடு பட்டேன்! இங்கே வந்து பார்த்தால் மூவரும் ஒன்றாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வீட்டுக்குப் பொங்கினால் சிலிண்டர் எத்தனை நாள் தாங்கும்? நேற்றே பேச்சி ரீஃபில் பதிய வந்துவிட்டாள். பெயரைத் தட்டினேன். 'இவ்வளவு சீக்கிரம் காலியா? கொடுக்கலாமா, வேண்டாமா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். அந்தக் கேள்வியை உள்ளே எழுதி வைத்ததும் நான்தான். அதற்கும் பிந்துவிடம் ஒரு வெரிகுட் வாங்கியிருக்கிறேன்.

கொடுக்கலாம் என்று அழுத்தினேன். இந்தத் தடவை தெரிந்தேதான் அழுத்தினேன்.