வாடிய பாத்திக்குப் புள்ளி

மியூரியல் ரீச்சர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். எண்பத்துமூன்றில் கொழும்பில் வீடு எரிந்து, அகதிக் கப்பலில் வந்து இறங்கிய மறுகிழமையே நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் தனக்கும் வகுப்புக் கேட்டவர். தேவாலயத்தில் அவர் குரலே கேட்காது. கணிதம் என்றால் அரைப் புள்ளிக்கும் பள்ளி அதிபரோடு மல்லுக்கு நிற்பார்.

தொண்ணூற்றிரண்டில் மாணவரின் கணித ஆய்வுச் செயற்றிட்டங்களை மதிப்பிட மூன்று நடுவர்கள். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர் சண்முகநாதன் சேர். மற்ற இருவர் ரீச்சரும் நானும். மேசை நிறைய வண்ண மட்டைகள். பாதிக்கு மேல் ரியூசன் மாஸ்டர்மாரின் கைவண்ணம் என்பது வாசித்தாலே தெரிந்தது.

பண்டத்தரிப்புக் குணலட்சுமியுடையது மட்டும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன் விலை. தண்ணீர் இறைக்கும் மிசினைக் குறைந்த நேரம் ஓட்டி வெங்காயத் தோட்டம் முழுவதையும் நனைக்க, பாத்தியை எந்த நீளத்தில் கட்டவேண்டும் என்பது அவளுடைய கேள்வி. முடிவு சரி. ஆனால் அதற்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. எங்கள் பிள்ளைகளின் வழக்கமே அதுதான். பிழையாய்ப் போனதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, சரியானதை மட்டும் குண்டு எழுத்தில் கொண்டுவருவார்கள்.

"ஆராய்ஞ்ச விதத்துக்கு ஆதாரமில்லை," என்று சேர் அந்தப் பகுதிக்குப் பென்சிலால் சைபர் போட்டார். அந்தச் சைபரோடு அவள் மாவட்டப் போட்டிக்குப் போக முடியாது.

ரீச்சர் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"முதல்லை நீளப் பாத்தி கட்டினனாங்கள், ரீச்சர். கடைசிக்குத் தண்ணி போகேல்லை. பிறகுதான் குறுக்கினது," என்றாள் குணலட்சுமி. "பிழையை எழுதினால் புள்ளி குறையும் எண்டு விட்டிட்டன்."

"வாயாலை ஆரும் சொல்லலாம்," என்றார் சேர்.

"அப்ப தோட்டத்தைப் போய்ப் பாப்பம்," என்றார் ரீச்சர்.

"இந்த வெயிலுக்கையோ?"

"ஓம் சேர். நீங்கள் வராட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

மூவரும் சைக்கிளில் போனோம். ரீச்சர் முன்னால் மிதிக்க, நான் பின்னால் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

தோட்டத்தில் குணலட்சுமியின் தகப்பன் பொன்னம்பலம் நின்றார். நாங்கள் யாரென்று சொன்னதுதான் தாமதம், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வெடித்தார்.

"நீங்களோ உவளுக்குக் கணக்குப் படிப்பிச்சது? வந்து பாருங்கோ! பாத்தியை நீட்டினால் எண்ணை மிச்சமெண்டாள். நம்பி நீட்டினன். கடைசிப் பக்கத்து வெங்காயமெல்லாம் கருகிக் கிடக்குது. பிறகு வந்து பாதியாக்கச் சொல்லுறாள். அதாலைதான் மிச்சம் தப்பினது. கருகினதுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

சேர் குனிந்து, காய்ந்த வெங்காயத் தாளொன்றைக் கிள்ளிப் பார்த்தார். நீட்டிய பாத்தியின் தடம் மண்ணில் இன்னும் தெரிந்தது. ரீச்சர் புள்ளித் தாளை நீட்டினார். சேர் சட்டைப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்தார்.

ரீச்சர் அவர் கையை மறித்தார்.

"சைபரை அழிக்காதேங்கோ, சேர். வெட்டிப்போட்டுப் பக்கத்திலை முழுப் புள்ளியைப் போடுங்கோ. நாங்கள் பிழை விட்டதும் தெரியட்டும்."