அத்தை மகனின் மொழி பிழைத்தது

திண்டுக்கல்லில் படித்த காலத்தில் கணக்கில் நான் முதல், என் அத்தை மகன் எனக்கு அடுத்து. நிலக்கோட்டைப் பக்கம் அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம். எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தான். அறுபதுகளின் நடுவில் பம்பாயில் ஒரே கம்பெனியில் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது.

அந்த மெஷினைச் செய்தவர்களே அதற்கென்று ஒரு மொழி உண்டாக்கியிருந்தார்கள். கெட்டிக்காரனுக்குத்தான் அது சரி என்று எனக்குக் கொடுத்தார்கள். அவனுக்குக் கோபால் (COBOL) என்ற புது மொழி. ஆங்கில வாக்கியம் போல வளவளவென்று நீளும். என் சம்பளக் கணக்கு ஓடி முடிந்து நான் காபி குடித்துவிட்டு வந்தாலும் அவனுடைய சரக்குக் கணக்கு பாதியில்தான் இருக்கும். அவன்மேல் எனக்கு இரக்கம்கூட உண்டு.

பிறகு கம்பெனி வேறொருவர் செய்த மெஷினை வாங்கியது. என் மொழி பழைய மெஷினைத் தவிர எதிலும் ஓடாது. எழுதியதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. அவனோ தன்னுடையதை அங்கங்கே திருத்தி ஓட்டிக் காட்டிவிட்டான். என் சம்பளக் கணக்கைக் கோபாலில் திரும்ப எழுதும் வேலையும் அவனுக்கே போனது.

அந்தப் பொங்கலுக்கு இருவரும் ஊருக்கு வந்தோம். மறுநாள் வீட்டில் கோழிக்குழம்பு. பரிமாறும்போது அப்பா வேலையை விசாரித்தார். இப்போது எல்லாம் கோபால்தான் என்றான் அத்தை மகன்.

"கோபாலா? அது ஆருய்யா, ஒங்க மேனேஜரா?"

"இல்ல மாமா, மிசினுக்கு வேலை சொல்ற மொழி."

"அப்ப இவன் படிச்சது?"

அவன் என்னைப் பார்த்துத் தயங்கினான். நானே சொன்னேன்: "அது போச்சுப்பா."

அப்பா அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். ஈரல் துண்டு அவன் இலையில் விழுந்தது. சிறுவயதிலிருந்து அது எனக்குத்தான்.

கை கழுவும் இடத்தில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "என்னுத விட ஒன்னுது எதுலடா ஒசத்தி?"

"ஒசத்தியெல்லாம் இல்ல மாப்ள. ஒன்னுதுதான் வேகம். ஆனா அது ஒரே கம்பெனிக்காரன் மொழி. அவனே அந்த மிசின விட்டுட்டா அத ஆரு திருத்துவா? என்னுது பல கம்பெனிக்காரன் சேந்து வச்சுக்கிட்டது. கமிட்டி போட்டுத் திருத்துறாங்க. அம்புட்டுப் பேரு கணக்கும் அதுல கெடக்கு, விட்ருவாங்களா? நம்ம அக்கவுண்டண்டே வாசிச்சுத் தப்பு சொல்றாரு. ஒன்னுத ஒன்னைய விட்டா ஆரு வாசிக்கிறது? வா, நான் சொல்லித் தாரேன்."

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் வயிறு எரிந்தது. "தேவையில்ல" என்று வந்துவிட்டேன்.

பம்பாய் திரும்பியதும், முன்பின் தெரியாத ஒருவர் நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்து கோபாலைக் கற்றேன். பத்து வரியில் நான் முடிப்பதை அது ஒரு பக்கம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறான். கடைசியில் அவனுக்குக் கீழேயே என்னைப் போட்டார்கள். ஒருநாளும் அவன் அதிகாரம் காட்டியதில்லை. காட்டியிருந்தால் வெறுப்பதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.