கேட்டைத் தாண்டினால் ஆபீஸ் செத்துப்போச்சு

குளிர்கிடங்கைப் பூட்டுவது அவருடைய வேலை. உள்ளே போகிறவர் தன் தொப்பியை வெளியே கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கொக்கி காலி என்றால் கதவைப் பூட்டலாம். உள்பக்கக் கைப்பிடி உடைந்ததிலிருந்து அந்தத் தொப்பிதான் எல்லோருக்கும் உயிர். மேனேஜர் மட்டும் மாட்டமாட்டார். அவருக்குக் கௌரவக் குறைச்சல். கைப்பிடியைச் சரிசெய்யச் சொன்னால், "பாத்துக்கலாம்யா" என்பதோடு சரி.

அந்த மனுஷனுக்கு மூக்கில் வியர்க்குமோ என்னவோ, இவர் ராத்திரி வீட்டில் சாப்பாட்டில் கைவைக்கும் நேரம் பார்த்துத் தினமும் போன் வரும். வருஷக்கணக்கில் இதே கூத்து. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, இவரை மனநிம்மதி வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

"கேட்டைத் தாண்டிட்டா ஆபீஸ் செத்துப்போச்சுன்னு நினைங்க. திரும்பிப் பாக்காதீங்க. மூச்சை இழுத்து விடுங்க" என்றார் பயிற்சியாளர். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இவர் வீட்டுப்பாடத்தைச் செய்கிற ஜாதி.

அன்று சாயங்காலம் கொக்கி காலியாக இருந்தது. பூட்டினார், போனை அணைத்தார், கேட்டைத் தாண்டினார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பகீரென்றது. மேனேஜரின் கார் வாசலிலேயே நின்றதே. அவர் அறையில் விளக்கும் எரிந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. அப்படியென்றால் எங்கே?

இறங்கித் திரும்பியிருக்கலாம். வகுப்பில் சொன்னபடி மூச்சை இழுத்து விட்டார்.

வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய்ப் போனைப் போட்டுப் பார்த்தார். ஒரு அழைப்புகூட இல்லை. குளிர்கிடங்குக்குள் சிக்னல் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"ஏங்க, அந்தாளா?" என்றாள் மனைவி.

"இல்ல. கூப்பிடவே இல்ல."

"அப்பாடா, இன்னிக்காவது விட்டாரே. உக்காந்து சாப்பிடுங்க."

சட்டைப்பையில் சாவி கனத்தது. இப்போது கிளம்பினாலும் காப்பாற்றிவிடலாம், ஒரு ஆட்டோ போதும். செருப்பை மாட்டக்கூடச் செய்தார். அதற்குள் மகள் கேரம் பலகையை நடுக்கூடத்தில் வைத்து, காய்களை அடுக்கிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ முறை அடுக்கி, தனியாக ஆடி, தானே எடுத்துவைத்த பிள்ளை.

அவர் செருப்பைக் கழற்றினார். முதல் அடியே குறி தப்பியது. அவள் சிரித்தாள். அவர் மறுபடி மூச்சை இழுத்து விட்டார்.

"அப்பா, நாளைக்கும் சீக்கிரம் வருவியா?"

"நாளைக்கு லீவு விட்டுருவாங்கம்மா" என்றார்.