கண்ணை மூடாமல் கேட்ட பாட்டு

இசைத்தட்டில் கேட்பதுதான் பாட்டு, மற்றதெல்லாம் பாட்டின் ஜெராக்ஸ் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். சம்பளத்தைக் கொட்டி ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியவர், வேறு என்ன சொல்வார்? போன வாரம் எங்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து, ஒரே பாட்டை முதலில் போனிலும் பிறகு தட்டிலும் போட்டுக் காட்டினார். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமாம். எல்லோரும் பக்தியாக மூடிக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். ஆறாம் வகுப்பு படிக்கும்போது இதே போட்டியை நாங்கள் எங்கள் வீட்டிலேயே நடத்தியிருக்கிறோம்.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில். அப்பாவுக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இரும்புத் தகட்டை அடித்துக் காரின் கதவாகவும் கூரையாகவும் ஆக்குகிற பிரஸ் ஷாப். அந்த வேலைக்கு முன்னால் படப்பையில் ஒரு மைக் செட்காரரிடம் இருந்தார். அவர் சீடிக்கு மாறியபோது பழைய பிளேயரையும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். அவை எங்கள் முன்னறையில் குடியேறின. அந்த அறையில் வேறு யாரும் கால் நீட்ட முடியாது.

அப்பா பாட்டுக் கேட்கிற விதமே தனி. முக்காலியைப் பிளேயருக்கு அருகில் இழுத்துப் போட்டு, ஒரு கையை அதன் மரப்பெட்டிமேல் வைத்துக்கொண்டு, சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் எந்தக் கோட்டில் போகிறது, அடுத்த பாட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சத்தம் மட்டும் வைக்கக் கூடாது. எங்கள் தெருவில் பாதி வீடு நைட் ஷிப்ட், பகலில்தான் தூங்குவார்கள். "மெதுவா வையி, எதிர் வூட்ல பையன் இப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்கி வந்து படுத்தான்" என்று அம்மா சமையலறையிலிருந்தே சொல்வாள். அப்பாவுக்கு அது எட்டாது. அம்மா வந்து தானே குமிழைத் திருகிக் குறைத்துவிட்டுப் போவாள். குறைத்த பிறகும் அவர் அதே ஆனந்தத்தோடு தலையாட்டிக்கொண்டிருப்பார்.

அவர் பேசினால் மட்டும் தெருவே எழுந்துவிடும். எனக்கு அது பெரிய மானக்கேடு. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் பள்ளிக்கு வந்தால் டீச்சரிடம் சண்டைக்கு நிற்பவர் மாதிரி கத்திப் பேசுவார். டீச்சர் ஒன்று கேட்டால் இவர் வேறொன்று சொல்வார். திரும்பும்போது அவரோடு சேர்ந்து நடக்க வெட்கப்பட்டு நான் பத்தடி முன்னால் போய்விடுவேன். ஊர்த் திருவிழா மைக்கைக் கட்டிக் கட்டி இவரே மைக்காகிவிட்டார் என்று அம்மாவின் பிறந்த வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த வருடம் ஒரகடத்தில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்தன. தெற்கேயிருந்து பையன்கள் கூட்டங்கூட்டமாக வந்து அறை தேடினார்கள். எங்கள் தெருவில் மாட்டுக்கொட்டகையைக்கூட வெள்ளையடித்து வாடகைக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு முழு அறையில் பாட்டுப் பெட்டி குடித்தனம் நடத்துகிறது என்று அம்மாவுக்கு ஆற்றாமை. தட்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அறையை வாடகைக்கு விட வேண்டும் என்றாள். அப்பா, அதைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் தருகிறேன் என்றார். ஒரு மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பஞ்சாயத்துக்கு வந்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. அப்பாதான் யாரையோ பிடித்து அவரைத் தம் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்த்துவிட்டிருந்தார். அவர் அப்பாவை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே காலை வாரிவிடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் போனோடு வந்தார். அதில் நகத்தளவு ஒரு மெமரி கார்டு.

"மாமா, ஒங்க ரெண்டு பெட்டியும் இதுக்குள்ள அடங்கிடும். தேயாது, கீறாது, தொடைக்கவே தேவல."

அப்பா போனை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இதுல பாட்டு எங்க போய்க்கினு கீதுன்னே தெரிலியே" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா வேடிக்கையாகச் சொன்னார் என்றுதான் நினைத்தோம்.

மாமா விடவில்லை. ஒரே பாட்டை இரண்டிலும் போடுவது, அப்பா திரும்பி உட்கார்ந்து எது எது என்று சொல்வது, சரியாகச் சொல்லிவிட்டால் தட்டுகள் இருக்கட்டும், இல்லையென்றால் அறை அம்மாவுக்கு என்றார். அப்பா திரும்ப மாட்டேன் என்றார். "மொகத்த திருப்பிகினு இன்னாத்த பாட்டு கேக்கறது? நீ இங்கியே போடு, எது பாட்டுன்னு நான் சொல்றேன்" என்று முக்காலியைப் பிடித்துக்கொண்டார். தோற்கப் பயந்து சாக்குச் சொல்கிறார் என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு தட்டை எடுத்து வைத்தார். அப்பாவுக்கு மிகவும் பிடித்த தட்டு. வைத்த கையோடு பின்பக்கம் போய், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். இப்படி ஒரு பொறுப்பு எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

முள் இறங்கியது. ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும், முள் தட்டில் உரசி, கொசு பாடுவது போலச் சன்னமாக ஏதோ கேட்டது. அப்பாவின் கை மரப்பெட்டிமேல் போய் உட்கார்ந்தது. கண் தட்டின்மேல் பதிந்தது. முள் பாட்டுத் தொடங்கும் இடத்துக்குப் போனதும் தலை ஆடத் தொடங்கியது. தொடையில் தாளம் விழுந்தது. கொஞ்ச நேரம் போனதும் விரலை உயர்த்தி எங்களை நிறுத்தினார்.

"பாரு, இப்ப வருது பாரு புல்லாங்கொழலு. ஒன் கார்டுல இத்த கேக்க முடியுமா?"

மாமா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அம்மா முந்தானையைக் கடித்தாள். நான்தான் முதலில் வெடித்தேன். ஒயரைத் தூக்கி அப்பாவின் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டே, "அப்பா, சத்தமே வர்லப்பா, ஒயரு எங்கிட்ட கீது" என்று குதித்தேன். சிரித்து முடிக்க முடியாமல் தரையில் விழுந்து புரண்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று மாமா என் முதுகில் தட்டினார்.

அப்பா ஒயரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் சிரிப்புதான் முதலில் நின்றது.

"எனக்குத் தெரியாதா? நானும் சும்மாதான் ஆடினேன்" என்றார் அப்பா. எப்போதும் கத்துகிறவர், அதை மட்டும் எங்களுக்கே கேட்காதபடி சொன்னார். எழுந்து முள்ளைத் தூக்கி வைத்தார். தட்டைத் துணியால் துடைத்து உறையில் போட்டார். "ரூம காலி பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போட்டியில் நாங்கள் ஜெயித்துவிட்டோம். அடுத்த வாரமே காயலான் கடைக்காரர் வண்டியோடு வந்தார், நான்கு பையன்கள் பாயும் பெட்டியுமாகக் குடிவந்தார்கள்.

அந்தக் கதையை நான் வகுப்பில் நடித்துக் காட்டினேன். தலையை ஆட்டி, தொடையில் தட்டி, புல்லாங்குழல் வருவதாக விரலை உயர்த்தி. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஒரகடத்துக்குப் போகிறவர்கள். மாமாவும் கம்பெனி பஸ்ஸில் இதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். எந்த வழியாகப் போனதோ, பிரஸ் ஷாப் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கே வருடத்துக்கு ஒரு தடவை காது பரிசோதனை உண்டு. காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எதிரே உட்கார்ந்து மெஷினைத் தட்டுகிறவரின் விரலைப் பார்த்துப் பார்த்து அழுத்தித் தேறிக்கொண்டிருந்தார். முள்ளைப் பார்த்துப் பாட்டுக் கேட்டதைப் போலவே. அந்த வருடம் மட்டும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டார்கள். அம்மா இதை எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. உன்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை போன அன்றைக்கு அப்பா கம்பெனி பஸ்ஸில் வரவில்லை. நடுப்பகலில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அன்று ஏதோ விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். முன்னறையில் பையன்களின் கைலிகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் எனக்குப் பாவமாக இருந்தது. அவரைச் சிரிக்கவைக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். மாமா அம்மாவுக்குக் கொடுத்திருந்த பழைய போனை எடுத்துவந்து, அதே பாட்டைத் தேடி, சத்தத்தை முழுதாக வைத்து, அவர் காதோடு ஒட்டிப் பிடித்தேன்.

"புல்லாங்கொழலு வருதாப்பா?"

அப்பா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். திருப்பினார், மறுபடியும் திருப்பினார். அதில் சுற்றுகிற எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வருது வருது. நல்லா கீது" என்றார்.

போனைக் காதில் வைத்துக் கேட்கக்கூடத் தெரியாத அப்பா என்று நினைத்து, நான் அன்றைக்கும் சிரித்தேன்.