நான் திருத்தாத தமிழ்

ஐம்பதுகளில், ஞாயிறுதோறும் செங்கல்பட்டில் பஸ் பிடித்து மாமல்லபுரம் போவேன். சிற்பங்களை வரைய வந்து அங்கே தங்கியிருந்த ஜெர்மன்காரர் எனக்கு ஜெர்மன் சொல்லித்தருவார். பதிலுக்கு நான் தமிழ். எனக்கு ஓரளவு பேச வந்துவிட்டது. ஆனாலும் வாக்கியத்தை முடிக்க விடமாட்டார், நடுவிலேயே திருத்துவார். பற்றிக்கொண்டு வரும், காலால் மணலைக் கிளறிக்கொண்டே இருப்பேன். அவர் தமிழில் எத்தனை தப்பு வந்தாலும் நான் "பிரமாதம் சார்" என்பேன். ஊருக்கு வந்தவரை யாராவது குறை சொல்வார்களா?

ஒருநாள் கரையில் மீன் விற்ற பெண்கள் அவர் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "இத்தனை மாசமா ஏன் சொல்லலை?"

தட்டுத்தடுமாறி ஜெர்மனில் ஏதோ சமாதானம் சொன்னேன். நாலு தப்பாவது இருந்திருக்கும். குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

"பிரமாதம் சார்" என்றார்.