முளைவிட்ட அம்பாசடர்

போன திங்கட்கிழமை காலை என் அம்பாசடரின் பின்கதவைத் திறந்தேன். பின் சீட்டில் நெல் முளைத்திருந்தது.

நம்பமாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி பீற்றிக்கொண்ட அதே கார்தான். பழைய வண்டியை ஆசையாக வாங்கி, எஞ்சினைப் பிரித்து, நட்டு போல்ட்டையெல்லாம் ஊறுகாய் பாட்டிலில் போட்டு... அதோடு வருடக்கணக்கில் நின்றுபோன கார். மற்றவர்கள் அதைக் காயலான் சரக்கு என்பார்கள். எங்கள் பழைய கார் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குப் பெயர் ‘ரெஸ்டோரேஷன்’. பாதியில் நிற்கும் வேலையில் ஒரு சௌகரியம் — அது தோற்றுப்போவதே இல்லை.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. என் ஜம்பத்தை நம்பி, வண்டி வந்த வாரமே வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். இந்தக் கார் ஓடிய பிறகுதான் உன் வாசலுக்கு வருவேன் என்று! அன்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருவே திருவிழாவுக்குப் போகிறது. இவள் டிவியில் தேர் பார்க்கிறாள். போன வருடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“எனக்கும் மாதாவுக்கும் நடுவுல உங்க கார்பரேட்டர் நிக்குதுங்க.”

சுருக்கென்றது. தஞ்சாவூர் மெக்கானிக் பாஸ்கரைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். அவரும் வந்து வந்து எஞ்சினைப் பூட்டி முடித்தார். திங்கட்கிழமை ஸ்டார்ட் செய்யும் நாள். அன்றைக்குத்தான் இந்த நெல்.

யார் வேலை? அடுத்த வீட்டிலிருக்கும் ஸ்டெல்லாவின் தம்பி ஆரோக்கியம். குறுவைக்காக ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, கதகதப்பில் முளைக்கவிடுவது இங்கே வழக்கம். இவர் வைக்கோலுக்குப் பதிலாக என் காரைப் போட்டு மூடியிருக்கிறார்.

“கண்ணாடிய ஏத்திவிட்டா உள்ள என்னா சூடு தெரியுமா மச்சான்? ஒரு நெல்மணி வீணாகல. ரெண்டு வருசமா இதுலதான் முளைகட்டுறேன்.”

“இறக்குய்யா மூட்டைய.”

“எங்க இறக்குறது? முளை வந்தாச்சு, இன்னைக்கே தெளிக்கணும். டிராக்டர் எல்லாம் உழவுல இருக்கு. மேட்டூர் அணை தொறந்தாச்சுல்ல?”

பாஸ்கர் பையைத் தூக்கினார். “நெல்லு வேலைய முடிங்க சார். நான் இன்னொரு நாள் வர்றேன்.”

பாஸ்கரின் இன்னொரு நாள் எனக்குத் தெரியும். அதற்குள் இந்த வருடத் தேரும் நிலைக்கு வந்துவிடும். ஸ்டெல்லாவுக்கும் தெரியும். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“நெல்லு இருந்தா இருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணுங்க.”

பண்ணினேன். இருமியது, புகைந்தது... ஓடியது! முளைகட்டிய நெல், மைத்துனர், மெக்கானிக், மனைவி சகிதம், வாய்க்கால் கரையோடு நாற்றங்கால் வரை ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயலில் நின்றவர்களுக்கெல்லாம் கையசைத்தேன். அவர்கள் ஆரோக்கியத்துக்குக் கையசைத்தார்கள்.

நாற்றங்கால் ஓரத்தில் எஞ்சினை அணைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மூட்டையை இறக்கிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் மூச்சே இல்லை. பாஸ்கர் பானெட்டைத் திறந்து, நீண்ட நேரம் பார்த்து, மெதுவாக மூடினார்.

“பிரிச்சுத்தான் பாக்கணும் சார்.”

ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளோ குனிந்து, ஒரு பிடி முளைநெல்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள்.

“ஓடினதும் வர்றேன்னுதானே வேண்டிக்கிட்டேன்? ஓடிடுச்சு. நாளைக்கு விடியக்காலை இந்த நெல்லக் காணிக்கையா எடுத்துக்கிட்டு பஸ்ல கெளம்புறேன்.”

“நான்?”

“நீங்க காரப் பாருங்க. நான் மாதாவப் பாத்துட்டு வர்றேன்.”

போய், கண்ணாரப் பார்த்து, கடல் மணலோடு வந்தும் சேர்ந்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

கார் இன்னும் நாற்றங்கால் ஓரத்தில்தான் நிற்கிறது. ஆரோக்கியம் நேற்று அதில் இரண்டாவது மூட்டையை வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.