தேசப்பனின் படுக்கையறைக் கீரை

சிங்கப்பெருமாள் கோயிலில் தேசப்பனின் வீட்டை ஒட்டிக் கிழக்கே ஒரு மூன்று மாடிக் கட்டடம் எழும்பியதும் வீட்டுக்குள் வெயில் வருவது நின்றுபோனது. தொட்டியில் இருந்த இரண்டு செடிகளும் ஒரே மாதத்தில் செத்தன. வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் தேசப்பன், “எங்க பரம்பரையே வெவசாயம்” என்று இருபது வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் சொல்லி வருபவர். அப்பா வரைக்கும் அது உண்மைதான். மகனான இவரோ, பத்து வயதில் நாற்று நட இறங்கி, காலில் அட்டை கடித்ததும் அலறிக்கொண்டு வரப்பேறியவர். அதற்கப்புறம் சேற்றுப்பக்கம் போகவே இல்லை. இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது அவரேதான் சொல்லிச் சிரிக்கிறார்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவர் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். பழைய விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டியதும், ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ‘ஆள் இல்லாத அறையில் விளக்கு எதற்கு?’ என்று ஸ்டிக்கர் ஒட்டியதும் அவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத தன் படுக்கையறையில் மூன்று ஊதா விளக்குகளை மாட்டி, இரவு பகலாக எரியவிட்டார்.

வெயில் இல்லாவிட்டால் என்ன, ஊதா விளக்கு போட்டே குறைந்த கரண்டில் கீரை வளர்க்கலாம் என்று போனில் பார்த்திருந்தார். கோவளத்தில் மீன் ஏற்றும் பழைய தெர்மாகோல் பெட்டிகள் நான்கை வாங்கி வந்து, மண் நிரப்பி, முளைக்கீரை விதைத்தார். விளக்கை எங்கே மாட்டுவது? விளக்கு என்றால் கூரையில்தானே? கூரையில் மாட்டினார்.

மூன்றாம் நாள் விதை முளைத்தது. தேசப்பன் அன்று பஸ்ஸில் உட்காரவே இல்லை. நின்றபடி ஒவ்வொருவருக்கும் போட்டோ காட்டினார். அந்தச் சூட்டோடு, டிசம்பரில் கம்பெனியில் நடக்கும் மின்சிக்கன வாரத்தில் இதைப் பற்றிப் பேசுவதாகப் பேரும் கொடுத்தார்.

பத்தாம் நாள் கீரை நூல் மாதிரி வெளுத்து, ஒரு ஜாண் நீண்டு, அப்படியே படுத்துவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினார். வேர் அழுகியது. அறையிலிருந்து மீன் வாடை கிளம்பி, இரண்டு தெருப்பூனைகள் ஜன்னலில் வந்து உட்கார்ந்தன.

“இன்னாபா இது, வூடா நாடகக் கொட்டாயா?” என்றாள் மனைவி ரஞ்சிதா. “இந்த ஊதா வெளிச்சத்துல பொடவ இன்னா கலர்னே தெரிய மாட்டேங்குது.”

“இது சயின்ஸு. ஒனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியல, சரி. கீரைக்குப் புரிஞ்சிதா?”

பேச வேண்டிய நாளுக்கு முந்தின காலை, தேசப்பன் காபிக்காகச் சமையல்கட்டுக்குள் போனவர் அப்படியே நின்றார். மேடைக்கு மேலே ஒரு அலமாரித் தட்டு. காய் நறுக்க வெளிச்சம் இல்லை என்று ரஞ்சிதா கேட்டதால், அதன் அடியில் அவரே மாட்டிய இருபது வாட் வெள்ளை டியூப். அதற்கு ஒரு ஜாண் கீழே, தயிர் டப்பாவில், புதினா புசுபுசுவென்று வழிந்துகொண்டிருந்தது.

தேசப்பன் போனை எடுத்தார். நாலு போட்டோ எடுத்தார். ரஞ்சிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் பயிற்சி ஹாலில் அறுபது பேர். பெரிய திரையில் புதினா. ‘எனது படுக்கையறைத் தோட்டம்’ என்று ஆரம்பித்து வாட், லூமென், ஸ்பெக்ட்ரம் என்று அவர் விளாசினார். முடித்ததும் பயிற்சி அதிகாரி காயத்ரி கை தூக்கினார்.

“சார், செடிக்குப் பின்னாடி மிக்ஸி தெரியுதே. பெட்ரூம்லயா மிக்ஸி வச்சிருக்கீங்க?”

தேசப்பன் திரும்பித் திரையைப் பார்த்தார். மிக்ஸி மட்டுமல்ல, பெருங்காய டப்பாவும் ஆளுயரத்துக்கு நின்றது. சமாளிக்க ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பெருங்காய டப்பாவை எந்த ஸ்பெக்ட்ரத்தில் சேர்ப்பது என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“மேடம், இது என் பொண்டாட்டி வளத்தது. நான் வளத்தது படுத்துகினு கீது.”

ஹால் அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து வெல்டர் சின்னராசு கத்தினான்: “அண்ணாத்த, அப்ப அண்ணிக்கு போனப் போடு!”

போட்டார். ஸ்பீக்கரில் ரஞ்சிதாவின் குரல் வந்தது. “நான் எங்க வளத்தேன்? பிரியாணிக்கு வாங்குனதுல மிஞ்சின காம்ப சொருகி வச்சேன். லைட்டு பக்கத்துலயே கீது. காலைல போட்டா சமையல் முடிச்சி படுக்கப் போறப்ப நிறுத்துவேன். அது பாட்டுக்கு வளருது. இன்னாபா, ஏன் ஆபீஸ்லேர்ந்து கேக்குற? எதனா எரிச்சிட்டியா?”

பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதில் ‘திருமதி ரஞ்சிதா’ என்று எழுதியிருந்தது. தேசப்பனே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வழியெல்லாம் சின்னராசு, “பரம்பர வெவசாயி, மணி இன்னா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

அதற்கப்புறம் அவர் ஊதா விளக்குகளைக் கழற்றினார். மீன் பெட்டிகளை வீசினார். இரண்டு வெள்ளை டியூபைச் சங்கிலியில் கட்டி, தொட்டிக்கு ஒரு ஜாண் மேலே இறக்கினார். காலை ஆறுக்கு எரிந்து இரவு எட்டுக்குத் தானாக அணையும்படி டைமர் வைத்து, புதிதாக முளைக்கீரை விதைத்தார். இருபத்தைந்தாம் நாள் கீரை இரண்டு கை அள்ளும்படி வந்தது. தேசப்பனே அறுத்தார், தேசப்பனே கழுவினார், கடைந்தும் வைத்தார். சட்டியில் வெந்து இறங்கியபோது நான்கு ஸ்பூன்தான் இருந்தது.

ரஞ்சிதா தன் பங்கைச் சோற்றில் பிசைந்து வாயில் வைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் கீது,” என்றாள். “உப்புதான் நாலு கட்டு கீரைக்குப் போட்டுட்ட.”